உங்களுக்குத் தெரியுமா? 10,000 கோடியில் 13
நேர்மின்னூட்டம் கொண்ட கேயான் துகள், ஒரு பயானாகவும் நியூட்ரினோ இணையாகவும் சிதைவது மிக அரிது. கோட்பாட்டின்படி 10,000 கோடி கேயான்களில் சுமார் 8 மட்டுமே இப்படிச் சிதையும். இக்கணிப்பு மிகத் துல்லியமானது என்பதால்தான் இச்சிதைவுக்கு இத்தனை மதிப்பு: அறியப்படாத துகள் ஏதேனும் குறுக்கிட்டால் அந்த எண்ணிக்கை மாறிவிடும். முடுக்கிகளால் நேரடியாக உருவாக்க முடியாத அளவுக்குக் கனமான துகள்கூட இங்கே தடயம் விடக்கூடும்.

நியூட்ரினோக்கள் கருவியில் சிக்குவதில்லை. பயானை மட்டும் பிடித்து, காணாமற்போன ஆற்றலைக் கணக்கிட வேண்டும். செர்ன் ஆய்வகத்தின் என்ஏ62 சோதனை, 2016 முதல் 2022 வரையிலான தரவுகளில் இத்தகைய 51 நிகழ்வுகளைக் கண்டது. அவற்றில் சுமார் 18 வேறு சிதைவுகளின் போலித் தடயங்கள் என மதிப்பிடப்பட்டது. 2024 செப்டம்பரில் வெளியான முடிவு, 10,000 கோடிக்கு 13. கணிப்பைவிட அதிகம்தான், ஆனால் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 3 என்பதால், புதிய துகள் இருப்பதற்கு இது சான்றாகாது.