ஒரு பாஸ்... பின்னாடி ஒரு பட்டாளம்!

2013. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்ட். வெயில்ல ஒரு மணி நேரமா க்யூவுல நிக்கிறீங்க. பக்கத்து வழியா ஒரு வீல்சேர்... பின்னாடியே அஞ்சாறு பேர் ஜாலியா உள்ளே போறாங்க. கடுப்பாகுமா, ஆகாதா?

மாற்றுத்திறனாளியை 'கைடா' வாடகைக்கு அமர்த்தி, பணக்காரக் குடும்பங்கள் க்யூவைத் தாண்டுறதா அந்த வருஷம் செய்தி வந்தது. (எப்படியெல்லாம் யோசிக்கிறாங்கப்பா!) அக்டோபரில் பழைய அட்டைக்கு டாட்டா. புது 'டாஸ்' முறையில் உடனே நுழைய முடியாது. க்யூ எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் வெளியே காத்திருந்துட்டு வரணும். 2024-ல் இன்னும் டைட்: மொத்தமே நாலு பேர், இல்லேன்னா நெருங்கிய குடும்பம். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெத்தவங்க வீடியோ கால்ல விளக்கம் சொல்லித்தான் அதை வாங்கணும்.

உங்க கேங்ல பத்துப் பேரா? பாஸ் வெச்சிருக்கிற ஃப்ரெண்டோட ரெண்டு பேர் போங்க. மிச்சப் பேர் க்யூவுல நின்னு கடலை போடுங்க பாஸ்!