போர் மூளும் காரணங்கள்: அரசுகளுக்கிடைப் போர், உள்நாட்டுப் போர் பற்றிய கோட்பாடுகள் – ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பேராசை, அச்சம், பகை, அநீதி ஆகியன போருக்கான காரணங்களாகப் பொதுவாகச் சுட்டப்பெறுகின்றன. எனினும் இவை நிலவும் இடங்களிலெல்லாம் போர் மூள்வதில்லை. ஆதலின் பிணக்குகளுள் பெரும்பாலானவை பேச்சில் தீர, சில மட்டும் போராக வெடிப்பது ஏன் என்பதே கோட்பாடுகள் விடை காணவேண்டிய வினாவாகிறது. அரசுகளுக்கிடைப் போருக்கும் உள்நாட்டுப் போருக்கும் அறிஞர்கள் தந்துள்ள விளக்கங்களை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. அளித்த வாக்குறுதி நாளையும் காக்கப்படும் என்னும் உறுதியின்மை இவ்விரு வகைப் போர்களையும் இணைக்கும் கண்ணி என்பதை 1914ஆம் ஆண்டு ஐரோப்பாவையும் 1956க்குப் பிந்தைய இலங்கையையும் சான்றாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: போர்க் கோட்பாடுகள், பாதுகாப்பு இக்கட்டு, வாக்குறுதிச் சிக்கல், ஒப்பீட்டு இழப்புணர்வு, உள்நாட்டுப் போர், இலங்கை.

முன்னுரை

போரின் காரணத்தை அதன் உடனடித் தூண்டுதலிலிருந்து பிரித்துப் பார்க்கும் மரபு பழமையானது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே நிகழ்ந்த போருக்கு இரு தரப்பினரும் வெளிப்படையாகக் கூறிய காரணங்களை ஒருபுறம் வைத்து, ஏதென்சின் வளர்ச்சி ஸ்பார்ட்டாவில் விளைத்த அச்சத்தையே உண்மைக் காரணமாகக் கொண்டார். பின்வந்த கோட்பாடுகள் பலவற்றிலும் இப்பகுப்பின் சாயலைக் காணலாம்.

மூன்று நிலை விளக்கங்கள்

அமெரிக்க அரசியலறிஞர் கென்னத் வால்ட்ஸ், 1959இல் வெளிவந்த ‘மனிதன், அரசு, போர்’ என்னும் நூலில் போர் பற்றிய விளக்கங்களை மூன்று நிலைகளாக வகுத்தார். மனித இயல்பிலும் தலைவர்களின் குணத்திலும் காரணம் தேடுவது முதல் நிலை. அரசின் உள்ளமைப்பில் காரணம் தேடுவது இரண்டாம் நிலை. அரசுகளுக்கு மேலாக நின்று முறை செய்யும் அதிகாரம் உலகில் இல்லை என்பதிலிருந்து தொடங்குவது மூன்றாம் நிலை.

முதல் நிலை விளக்கத்தின் குறை வெளிப்படையானது. மனித இயல்பு போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும் ஒன்றே. மாறாத ஒன்றைக் கொண்டு மாறுவதை விளக்கவியலாது. இரண்டாம் நிலையில் அடங்குவது மக்களாட்சி அமைதிக் கோட்பாடு. 1795இல் இமானுவேல் காண்ட் முன்வைத்த சிந்தனையை 1983இல் மைக்கேல் டாய்ல் வளர்த்தெடுத்தார். தாராளவாத மக்களாட்சி அரசுகள் தமக்குள் போரிடுவது மிக அரிது என்பது இதன் சாரம். ஆயினும் இக்கோட்பாடு அரசுகளுக்கிடையிலான உறவை மட்டுமே பேசுகிறது. ஓர் அரசின் எல்லைக்குள் மக்களாட்சி போரைத் தடுக்குமா என்பது வேறு வினா. 1931இலேயே அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற இலங்கையில் நெடும்போர் மூண்டது.

மூன்றாம் நிலையிலிருந்து கிளைத்தது ‘பாதுகாப்பு இக்கட்டு’ என்னும் கருத்து. 1950இல் ஜான் ஹெர்ஸ் வகுத்த இதனை 1978இல் ராபர்ட் ஜெர்விஸ் விரித்துரைத்தார். ஓர் அரசு தன்னைக் காத்துக்கொள்ளப் படை பெருக்குகிறது. அதன் உள்நோக்கத்தை அறியவியலாத அண்டை அரசு அதனை அச்சுறுத்தலாகக் கொண்டு தானும் படை பெருக்குகிறது. எவரும் போரை விரும்பாத நிலையிலும் இருவரும் முன்னிலும் பாதுகாப்பற்றவர் ஆகின்றனர்.

பேரம் முறியும் இடம்

மேற்கண்ட விளக்கங்கள் எழுப்பாத ஒரு வினாவை ஜேம்ஸ் ஃபியரன் 1995இல் எழுப்பினார். போர் இரு தரப்புக்கும் பேரிழப்பு. போரின் முடிவில் எய்தும் உடன்பாட்டைப் போரின்றியே எய்தினால் அவ்விழப்பு இருவருக்கும் மிச்சமாகும். அவ்வாறாயின் அறிவுடைய தலைவர்கள் ஏன் முன்னதாகவே உடன்படுவதில்லை?

ஃபியரன் தந்த முதல் விடை தகவல் பற்றியது. ஒவ்வொரு தரப்பும் தன் வலிமையையும் மனவுறுதியையும் தானே அறியும். பேரத்தில் பயன்பெற அவற்றை மிகைப்படுத்தவும் மறைக்கவும் செய்யும். ஒப்பு வலிமை குறித்துப் பகைவர் கொண்டிருக்கும் மாறுபட்ட மதிப்பீடே போரைத் தொடக்குகிறது என்று வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி 1973இல் கூறியதும் இதனோடு ஒத்தது. இரண்டாவது விடை வாக்குறுதிச் சிக்கல். இன்று உடன்பட்ட ஒருவர் நாளை வலிமை கூடியபின் வாக்கை மீறினால் தடுப்பார் யார்? இவ்வினாவுக்கு விடை இல்லாதபோது நல்ல உடன்பாடும் பயனற்றதாகத் தோன்றும். பங்கிடவியலாத பொருள் குறித்த பிணக்கு மூன்றாவது விடை. இதற்கு அவர் குறைந்த முதன்மையே தந்தார்.

1914ஆம் ஆண்டு ஐரோப்பா முதலிரு விடைகளுக்கும் சான்றாகிறது. ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு கொல்லப்பட்டது உடனடித் தூண்டுதல். ஜூலை 23இல் ஆஸ்திரியா-அங்கேரி செர்பியாவுக்கு 48 மணிநேரக் கெடு விதித்தது. 28இல் போர் அறிவித்தது. 30இல் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் தொடுத்தது. பிரித்தானியா போரில் இறங்குமா என்பது ஜூலை இறுதிவரை ஜெர்மனிக்குத் தெளிவாகவில்லை. இது தகவல் சிக்கல். மற்றொன்று, 1917 வாக்கில் நிறைவுறவிருந்த ரஷ்யாவின் படைவிரிவுத் திட்டம் குறித்த அச்சம். அது நிறைவுறுமுன் போர் வருவதே நன்று என்று மோல்ட்கே உள்ளிட்ட ஜெர்மானியப் படைத்தலைவர்கள் கருதினர். வளரும் அரசு, வளர்ந்தபின் தன் வலிமையைப் பயன்படுத்தாது என்று உறுதி கூறினும் அதனை நம்பச் செய்யும் வழி இல்லை. துசிடிடீஸ் சுட்டிய அச்சமும் இதுவே.

உள்நாட்டுப் போர்: மனக்குறையும் வாய்ப்பும்

உள்நாட்டுப் போர் பற்றிய ஆய்வு மற்றொரு வழியில் வளர்ந்தது. டெட் ராபர்ட் கர் 1970இல் ‘ஒப்பீட்டு இழப்புணர்வு’ என்னும் கருத்தை முன்வைத்தார். தமக்கு உரியது என மக்கள் எண்ணுவதற்கும் கிடைப்பதற்கும் இடையிலான இடைவெளி கிளர்ச்சிக்கு வித்தாகிறது என்பது அவர் கருத்து. பிரான்சிஸ் ஸ்டூவர்ட் இதனைத் தனிமனிதரிடமிருந்து குழுக்களுக்கு நகர்த்தி, இன, சமயக் குழுக்களுக்கு இடையே நிலவும் ‘கிடைநிலைச் சமத்துவமின்மை’யை முதன்மைப்படுத்தினார்.

இதற்கு மாறாகப் பால் கோலியர், ஆங்கே ஹோஃப்லர் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனக்குறை எங்கும் உண்டு, கிளர்ச்சிக்கான நிதியும் வாய்ப்பும் எங்கும் இல்லை என்று வாதிட்டனர். ஃபியரனும் டேவிட் லெய்டினும் 1945 முதல் 1999 வரையிலான 127 உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை, நாட்டின் இன, சமயப் பன்மை தன்னளவில் போரை விளைப்பதில்லை எனக் கண்டது. வறுமை, அரசின் நிலையின்மை, கரடுமுரடான நிலப்பரப்பு முதலிய, கிளர்ச்சிப்படைக்கு இடந்தரும் சூழல்களே அவர்கள் கண்ட காரணங்கள்.

இவ்விரு தரப்பும் ஒன்றை ஒன்று மறுப்பனவாகத் தோன்றினும், உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. மனக்குறை கோரிக்கையை விளக்குகிறது. வாய்ப்பு படையை விளக்குகிறது. கோரிக்கை பேச்சில் தீராமல் போனது ஏன் என்பதை இரண்டும் விளக்கவில்லை. இலங்கை வரலாறு இவ்விடைவெளியைத் தெளிவாகக் காட்டுகிறது.

இலங்கை: முறிந்த உடன்படிக்கைகள்

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அதனால் எழுந்த பிணக்கு பேச்சுக்கே வராமல் போகவில்லை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் பிரதேச சபைகள் அமைப்பது குறித்து உடன்பட்டனர். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன அதனை எதிர்த்துக் கண்டி நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். 1958 ஏப்ரலில் பிக்குகளின் போராட்டத்தை அடுத்து உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்துடன் மற்றோர் உடன்பாடு கண்டார். இம்முறை எதிர்த்தது சிறீலங்கா சுதந்திரக் கட்சி. மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது.

இரு நிகழ்வுகளிலும் கட்சிகள் இடம் மாறின, விளைவு மாறவில்லை. ஆதலின் தோல்வியின் காரணத்தைத் தலைவர்களின் குணத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. பெரும்பான்மை வாக்குக்காக இரு பெருங்கட்சிகள் போட்டியிடும்போது, ஆளுங்கட்சி தரும் சலுகையை எதிர்க்கட்சி துரோகம் எனச் சாடி வாக்கு ஈட்ட இயலும். இதனை அறிஞர்கள் ‘இன ஏலப்போட்டி’ என்பர். நீல் டிவோட்டா 2004இல் வெளியிட்ட நூலில் இலங்கை அரசியலை இக்கண்ணோட்டத்தில் ஆராய்ந்துள்ளார். உடன்படும் தலைவர் உண்மையாகவே உடன்பட்டாலும் அதனை நிறைவேற்றும் ஆற்றல் அவரிடம் இல்லை.

1971 முதல் நடைமுறைக்கு வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும், சிறுபான்மையினர் காப்பாக இருந்த பிரிவை நீக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் இந்நம்பிக்கையின்மையை மிகுவித்தன. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கோரியது. 1983 ஜூலை வன்முறையில் தமிழரை அரசு காக்கத் தவறியபோது, பாதுகாப்பு இக்கட்டு ஓர் அரசின் எல்லைக்குள்ளேயே தோன்றியது. பேரரசுகள் சிதைந்த இடங்களில் இனக்குழுக்கள் இவ்விக்கட்டில் அகப்படுவதை 1993இல் பாரி போசன் விளக்கினார். இலங்கையிலோ அரசு சிதையவில்லை. ஒரு பகுதி மக்களுக்கு அது காப்பாக இல்லாமற்போனது.

போர் முடிவுறாமல் நீண்டதற்கும் இதே சிக்கல் துணைசெய்தது. 1940 முதல் 1990 வரை அரசுகளுக்கிடைப் போர்களுள் 55 விழுக்காடு பேச்சுவார்த்தையில் முடிந்தன. உள்நாட்டுப் போர்களுள் 20 விழுக்காடே அவ்வாறு முடிந்தன என்று பார்பரா வால்ட்டர் 1997இல் காட்டினார். உடன்படும் அரசுகள் தத்தம் எல்லைக்குள் தத்தம் படையோடு திரும்புகின்றன. உள்நாட்டுப் போரில் கிளர்ச்சியாளர் படைக்கலத்தை ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்தபின் உடன்பாட்டைக் காக்கும் வலிமை அவரிடம் இராது. ஒப்படைக்காவிடின் அரசு அவரை நம்பாது. ஆகவே நம்பத்தக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதி இன்றியமையாதது என்பது வால்ட்டரின் முடிவு. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கையின்கீழ் வந்த இந்திய அமைதிப்படை அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்திற்கு நார்வே துணைநின்றது. அதன் கண்காணிப்புக் குழுவிற்கு மீறல்களைப் பதிவுசெய்யும் பணி இருந்தது, தடுக்கும் வலிமை இல்லை. இரு தரப்பும் மீறிய அப்போர்நிறுத்தம் 2008 ஜனவரியில் முறைப்படி முடிவுற்றது. 2009 மே மாதத்தில் போர் படைவலிமையால் முடிக்கப்பட்டது.

கோட்பாட்டின் எல்லைகள்

வாக்குறுதிச் சிக்கல் அனைத்தையும் விளக்கிவிடுவதில்லை. அது ஒவ்வொரு தரப்பையும் ஒரே மனம் கொண்ட ஆளாகக் கொள்கிறது. தரப்புக்குள் நிகழும் போட்டியைக் காண ஏலப்போட்டிக் கோட்பாடு தேவைப்படுகிறது. அச்சமும் சினமும் மக்களை இயக்கும் விதத்தை அது பேசுவதில்லை. மனக்குறை எங்கிருந்து தோன்றுகிறது என்பதற்கும் அதனிடம் விடையில்லை. 1971 ஏப்ரலில் இலங்கையின் தென்பகுதியில் சிங்கள இளைஞர் நடத்திய கிளர்ச்சியை விளக்கக் கர் முன்வைத்த இழப்புணர்வே மிகவும் பொருந்தும்.

நிறைவுரை

போருக்குப் பகையும் அநீதியும் தேவை. அவை மட்டும் போதா. 1914இல் ரஷ்யாவின் நாளைய நடத்தைக்கு உறுதி தருவார் எவரும் இல்லை. உலகில் அதற்கான மேலதிகாரம் இல்லாமையே காரணம். இலங்கையில் அரசு என்னும் மேலதிகாரம் இருந்தது. அதுவே பிணக்கின் ஒரு தரப்பாக இருந்தமையால் உறுதி தரவியலாமற்போயிற்று. காரணங்கள் வேறாயினும் விளைந்த குறை ஒன்றே. ஆதலின் ஓர் உடன்படிக்கையை மதிப்பிடுவோர் அது எவ்வளவு தருகிறது என்பதோடு, ஆட்சி மாறியபின் அதனைக் காக்கும் பொறுப்பும் வலிமையும் எவரிடம் உள்ளன என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1957, 1965 உடன்படிக்கைகளின் வாசகங்களில் இவ்வினாவுக்கு விடை இல்லை.