நெளித்தகடு தாங்காத திசை

அரிசி ஆலைகளில் வெள்ளி நிறத்தில் எழுந்து நிற்கும் எஃகுக் குதிர்களின் சுவர், அவற்றின் உயரத்தோடு ஒப்பிட்டால் வெறும் தகடு. அதில் வரிவரியாக ஓடும் நெளியை நம்பித்தான் அத்தனை மெல்லிய தகட்டில் சுவர் எழுப்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

அரை மில்லிமீட்டர் தகட்டை, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 18 மி.மீ. இடைவெளி வரும்படி நெளித்தால், நெளி ஓடும் திசையில் வளையாமல் நிற்கும் வலு ஏறத்தாழ 1,900 மடங்கு கூடும். லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829-ல் நெளி இரும்புக்குக் காப்புரிமை பெற்றதும் இந்த வலுவுக்காகத்தான். ஆனால் அதே தகட்டை நெளிக்குக் குறுக்கே அமுக்கிப் பாருங்கள். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கும். சமதளத் தகட்டைவிட அங்கே ஏறத்தாழ 1,900 மடங்கு இளக்கம்! ஒரு திசையில் கூடிய அதே மடங்கு இன்னொரு திசையில் கைவிட்டுப் போகிறது.

குதிரில் நெளி சுற்றுவாக்கில் ஓடுகிறது. காற்று தள்ளினாலும் வட்டம் கெடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. எடையோ மேலிருந்து கீழே இறங்குகிறது. தானியம் சுவரை உரசி, தன் பாரத்தில் பெரும்பங்கைச் சுவர்மேல் ஏற்றிவிடும் என்பதை ஜெர்மன் பொறியாளர் யான்சென் 1895-லேயே காட்டிவிட்டார். ஆக, பாரம் இறங்குவது துருத்தி மடங்கும் திசையில். அதைத் தாங்குவதெல்லாம் சுவரோடு போல்ட் போட்டு நிறுத்திய செங்குத்துக் கம்பங்கள்தான். அவையும் ஒல்லி. தகடு பக்கவாட்டில் பிடித்துக்கொண்டால்தான் நெட்டுக்கு நிற்கும். தகட்டை மெலித்தால் அந்தப் பிடியும் தளரும்.

நெளியே இல்லாத உருளைச் சுவர் இதைவிட ஆபத்தானது, சின்னச் சொட்டை இருந்தாலே கணக்கில் வந்த சுமையின் மூன்றில் ஒரு பங்கில் மடங்கிவிடும் என்பார்கள். உண்மைதான். அதற்காக நெளியைக் காட்டி, எஃகு மிச்சம் என்று தகட்டையும் கம்பத்தையும் ஒருசேரக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது தானியம் இறக்கும் முறை. நடுவாய் அடைத்துக்கொண்டது, லாரி காத்திருக்கிறது என்று ஓரத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் தானியம் ஓடி அழுத்தம் சட்டென்று விழுகிறது. மறுபக்கம் அப்படியே முட்டிக்கொண்டு நிற்கிறது. வட்டம் கோணிப்போய், உள்ளிருந்து அணைத்துக்கொண்டிருந்த தானியமும் விலகியதும் கம்பம் உள்ளே சாய்கிறது. எஃகுக் குதிர்கள் சரிய இப்படி ஓரமாக இறக்குவது முக்கியமான காரணம். அடைப்பு எடுக்கும்வரை லாரி நிற்கட்டும். முதலில் நடுவாய், குதிர் ஏறக்குறைய காலியான பிறகே ஓரவாய் என்ற வரிசையைக் கதவிலேயே எழுதி, பூட்டையும் போட்டு வைக்க வேண்டும்.