மண்ணைச் சுத்தம் செய்த பிறகே மருந்து

2010 மார்ச். நைஜீரியாவின் வடமேற்கில் இருக்கும் ஸம்ஃபாரா மாநிலத்தில் மூளைக்காய்ச்சல் பரவுகிறதா என்று கண்காணித்துக்கொண்டிருந்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினருக்கு, யர்கால்மா என்ற கிராமத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சாகிறார்கள் என்ற தகவல் வந்தது. வாந்தி, வயிற்றுவலி, பிறகு வலிப்பு. மலேரியாவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். மலேரியா மருந்து கொடுத்தும் பலனில்லை. ரத்த மாதிரிகளை ஜெர்மனிக்கு அனுப்பிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம்.

யர்கால்மாவிலும் தரேத்தா என்ற இன்னொரு கிராமத்திலும் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். நாலு பிள்ளைகளில் ஒன்று! பிழைத்திருந்தவர்களில் 204 பேருக்கு ரத்தம் சோதித்தார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 45 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே மருந்து கொடுத்து அதை வெளியேற்ற வேண்டும் என்பது மருத்துவ வரையறை. 204 பேரில் 198 பேர் அந்த அளவை எட்டியோ தாண்டியோ இருந்தார்கள்.

இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? தங்கம் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வானம் பார்த்த விவசாயத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு காசு, பக்கத்துக் குன்றைத் தோண்டினால் கிடைத்தது. ஆனால் அந்தப் பாறையில் தங்கத்தோடு ஈயமும் ஏராளமாகக் கலந்திருந்தது. தோண்டிய கல்லை மூட்டை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் வெளியே போய் வேலை செய்கிற வழக்கமில்லை. அதனால் வேலை வீட்டுக்குள் வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து கல்லை உடைத்தார்கள். தானியம் அரைக்கிற இயந்திரத்திலேயே அதையும் அரைத்தார்கள். கிளம்பிய தூசி தரையிலும் பாயிலும் சமையல் பாத்திரத்திலும் படிந்தது. தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சிறு குழந்தைகளுக்கோ பாதிவரை சேர்ந்துவிடும். ஈயத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொண்டு உடம்பு எலும்பில் சேர்த்துவைக்கிறது. மூளைக்கும் அது போகிறது. பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது அதனால்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. அதன் கதை ஒரு போர்க்காலத்தில் தொடங்குகிறது. லூயிசைட் என்பது ஆர்சனிக் கலந்த நச்சு ஆயுதம். இரண்டாம் உலகப் போரில் அதை எதிரி வீசினால் என்ன செய்வது என்று ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். உடம்பிலுள்ள புரதங்களின் கந்தக அணுக்களை ஆர்சனிக் பற்றிக்கொள்கிறது என்று தெரிந்திருந்தது. அப்படியானால் கந்தகத்தையே காட்டி அதை வெளியே இழுக்கலாமே என்று யோசித்துச் செய்ததுதான் டைமெர்கேப்ரால். இதன் மூலக்கூறில் உள்ள இரண்டு கந்தக அணுக்களும் இடுக்கியின் இரு முனைகளாக, ஆர்சனிக்கைப் போலவே ஈயத்தையும் பிடித்துக்கொள்ள, அது சிறுநீரோடு வெளியேறும். ஆனால் வேர்க்கடலை எண்ணெயில் கலந்து தசையில் ஆழமாகப் போட வேண்டிய ஊசி அது. வலி கடுமையாக இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டிஎம்எஸ்ஏ என்ற சக்ஸிமரை வாய்வழியாகவே கொடுக்கலாம். ஈயம் ஏறிய குழந்தைகளுக்குக் கொடுக்க அமெரிக்கா 1991-இல் அதற்கு அனுமதி தந்தது. முதல் ஐந்து நாள் மூன்று வேளை, அடுத்த பதினான்கு நாள் இரண்டு வேளை என்பது வழக்கமான கணக்கு. காப்ஸ்யூலைத் திறந்தாலே அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதைச் சாப்பாட்டில் கலந்து ஒரு கைக்குழந்தைக்குப் பத்தொன்பது நாள் ஊட்டுவது லேசான காரியம் இல்லை. நடுவில் ஈரலையும் ரத்த அணுக்களையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸம்ஃபாராவில் இந்த மருந்துதான் உயிர் காத்தது. அங்கே 1,156 குழந்தைகளுக்கு 3,180 முறை இந்தச் சிகிச்சை தந்த விவரம் 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரே பிள்ளைக்கு ஏன் இத்தனை முறை? ரத்தத்தில் இருப்பதை மருந்து இழுத்துப் போட்டதும், எலும்பில் கிடக்கும் ஈயம் மெதுவாக ரத்தத்துக்குத் திரும்புகிறது. அளவு மறுபடி ஏறுகிறது. எலும்பில் தங்கிய ஈயம் கரைய வருடக்கணக்கில் ஆகும்.

இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது மருந்தை அல்ல, மருத்துவர்கள் எடுத்த ஒரு முடிவை. ஊர் மண்ணைச் சுத்தம் செய்யாமல் சிகிச்சையைத் தொடங்க மாட்டோம் என்றார்கள். மருந்து சாப்பிட்ட பிள்ளையை அதே முற்றத்துக்கு அனுப்பினால் மறுபடி ஈயம்தானே ஏறும்? 2010-இலேயே யர்கால்மாவிலும் தரேத்தாவிலும் ஊர்க்காரர்களே மண்வெட்டியும் சாக்குமாக இறங்கினார்கள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து ஊருக்கு வெளியே புதைத்துவிட்டு, நல்ல மண்ணைக் கொட்டிப் பரப்பினார்கள். பகேகா என்ற பெரிய கிராமத்துக்கோ அரசு ஒப்புக்கொண்ட பணம் 2013 ஜனவரி வரை வந்து சேரவில்லை. அதுவரை சுமார் 1,500 குழந்தைகள் காத்துக் கிடந்தார்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வது கல்நெஞ்சம் என்று தோன்றலாம். எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. குற்றம் பணத்தை இழுத்தடித்தவர்களுடையது.

மருந்து எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ரத்த ஈயம் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 குழந்தைகளில் ஒரு பாதிக்கு சக்ஸிமரும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தது. ஈய அளவு குறைந்தது. ஆனால் அறிவுத்திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. சாவைத் தடுக்கும் மருந்தால், மூளைக்கு ஏற்கெனவே நேர்ந்த இழப்பைத் திருப்பித்தர முடியவில்லை.

இந்த மருந்துகளை ‘உடம்பில் சேர்ந்த நச்சை எல்லாம் நீக்குகிறோம்’ என்று விற்பவர்கள்மீது எனக்குக் கடும் கோபம் உண்டு. 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இப்படியொரு சிகிச்சையில் இறந்தான். ஈயத்தை வெளியேற்றும் இன்னொரு மருந்தான, கால்சியம் சேர்ந்த இடிடிஏவுக்குப் பதிலாக, கால்சியம் சேராத இடிடிஏ அவன் நரம்பில் ஏற்றப்பட்டது. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தையே பிடித்துக்கொண்டுபோனது, இதயம் நின்றுவிட்டது.

நம் நாட்டுக்கு இது தொலைவில் நடந்த கதை அல்ல. 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு வலிப்பு வராது. ஆனால் கவனம் சிதறும், படிப்பு மந்தமாகும். காரணம் ஈயம் என்று யாருக்கும் தோன்றாது. பழைய பேட்டரியை உருக்கும் பட்டறை, பழைய பெயின்ட், நிறத்துக்காக ஈய குரோமேட் கலந்த மஞ்சள்தூள், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பஸ்பம் என்று ஈயம் வரும் வழிகள் பல.

வீட்டில் யாராவது பேட்டரி உருக்கும் வேலையோ பழைய பெயின்ட் சுரண்டும் வேலையோ செய்தால், குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அளவு கூடியிருந்தால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். மருந்து தேவையா என்பதை அதன் பிறகு அவரே முடிவு செய்யட்டும்.