தாண்டும் முன் எண்ணிப் பழகு

நான் விழுந்தது வெறும் 60 சென்டிமீட்டர் தடையில். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விடக் குறைந்த உயரம். குதிரை நேராகத்தான் போனது. கட்டைக்கு முன்னால் சட்டென்று நின்றது. நான் மட்டும் தாண்டிப் போய் மணலில் விழுந்தேன். தலைக்கவசமும் பாதுகாப்பு மேலங்கியும் இருந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

“நின்னுடுச்சுண்ணே” என்று குதிரை மேல் பழி போட்டேன். லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சிரிக்கவில்லை.

“அது நிக்கல தங்கச்சி. நீதான் அதுக்கு முன்னாலயே தாண்டிட்ட.”

காலையில் வானொலி நிகழ்ச்சி, வாரத்தில் இரண்டு மாலைகள் குதிரை என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. என்னைச் சுமந்தது ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை. பிறந்தது முதல் வேகமாக ஓட மட்டுமே கற்றது. என்னைப் போன்ற புதியவர்கள் ஏற ஏற, நிற்கவும் கற்றுக்கொண்டது. இப்படியே நின்றுகொண்டிருந்தால் அதை வைத்துக்கொள்ள முடியாது என்ற பேச்சு லாயத்தில் எழுந்திருந்தது. 1843இல் தொடங்கிய சிங்கப்பூர் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தோடு முடிந்தது. பந்தயம் முடிந்தாலும் குதிரையின் ஆயுள் முடிவதில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டியும் வாழும். வேறு ஒரு வேலை கற்றால்தான் அதற்கு இடம்.

ஆகவே கற்க வேண்டியவர்கள் நாங்கள் இருவரும்.

தரையில் தொடங்கும் தாண்டல்

பயிற்றுநர் முதலில் செய்த காரியம், தடைகளையெல்லாம் எடுத்துவிட்டது. தரையில் நான்கு கட்டைகள் மட்டும், சுமார் 1.3 மீட்டர் இடைவெளியில். ‘டிராட்’ எனப்படும் இரு தாள நடையில் ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் அடி. அவசரப்பட்டால் குளம்பு கட்டையில் ‘டொக்’ என்று தட்டும். தட்டாமல் போக, குதிரை தலையைத் தாழ்த்திக் காலைப் பார்த்து வைக்கவேண்டும். முதுகுத் தசை தானாக வேலை செய்யும். முதல் வாரம் முழுக்க ‘டொக் டொக்’தான்.

அடுத்தது வட்டம். 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நான்கு கட்டைகள். இப்போது ‘கேன்டர்’, மூன்று தாள ஓட்டம். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே எத்தனை பாய்ச்சல் என்று வாய்விட்டு எண்ணவேண்டும். நான்கு பகுதியிலும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும். எனக்கு நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று வந்தது. ஒலிவாங்கி முன் நொடி பிசகாமல் பேசும் எனக்கு, குதிரை மேல் நான்கு வரை எண்ண வரவில்லை.

மூன்றாவது, தொடர் தடை. டிராட்டில் வந்து ஒரு சின்னக் குறுக்குக் கட்டை, அதிலிருந்து சுமார் 5.5 மீட்டரில் ஒரு நேர்க்கட்டை. இடையே ஒரே ஒரு பாய்ச்சல்தான் பிடிக்கும். எங்கே எழும்புவது என்பதை இடைவெளியே குதிரைக்குச் சொல்லிவிடுகிறது. அதனால் என் வேலை ஒன்றே ஒன்று: தொந்தரவு செய்யாமல் இருப்பது. கண் நேராக முன்னே, குதிகால் கீழே, கை பிடரி மயிரில். குதிரை எழும்பும்போது நம் உடம்பு தானாக மடங்கும். முந்திக்கொண்டு பாய்ந்தால் பாரம் அதன் முன்னங்கால்களில் விழும். எழும்ப முடியாமல் அது நிற்கும். நான் விழுந்த காரணம் அன்றுதான் விளங்கியது.

இதை உலகத்துக்குப் புரியவைத்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி. 1907இல் மறைந்தார். அவருக்கு முன் தடை தாண்டுகிறவர்கள் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பார்கள். குதிரையின் வாயும் முதுகும் வலிக்கும். கழுத்தை நீட்ட விட்டு, அதன் அசைவோடு நாமும் போகவேண்டும் என்றார் அவர்.

இதில் மேல்நிலைக்குப் போனவர்களும் அடிப்படையை விடுவதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூரின் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்ற ‘இவென்டிங்’ போட்டியில், தடை தாண்டலுக்கு முன் சமதரையில் நடை, ஓட்டம், வட்டம் எல்லாம் காட்டி மதிப்பெண் வாங்கவேண்டும். அதே விளையாட்டில் அந்தச் சமதரைப் பிரிவான ‘டிரெஸ்ஸாஜ்’ தனிநபர் போட்டியில் வெள்ளி வாங்கியவர் நம் மலேசியாவின் காபில் அம்பாக்.

அம்மாவின் நடை

போட்டித் திடலில் வீரர்கள் தடைகளுக்கு இடையே நடந்து அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் அடி ஒன்று சுமார் 90 சென்டிமீட்டர். நான்கு அடி சேர்ந்தால் குதிரையின் ஒரு கேன்டர் பாய்ச்சல். இறங்க இரண்டு அடி, எழும்ப இரண்டு அடி கழித்துவிட்டு மீதியை நான்கால் வகுத்தால் எத்தனை பாய்ச்சல் என்று தெரியும்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் அம்மா சிரித்தார். கோலா சாவா தோட்டத்தில் பல வருஷம் பால்மரம் வெட்டியவர். “நிரையில மரத்துக்கு மரம் ஒரே நடையாத்தான் போவோம். ஓடினா மூச்சு வாங்கும், கை ஆடும், கத்தி ஆழமாப் போயிரும். மரம் கெட்டுப்போயிரும்” என்றார்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது, பால்மரம் போய்ச் செம்பனை நிற்கும் நிலத்தில் நான் அடி அளந்தேன். மரத்துக்கு மரம் பத்து அடி, அதாவது 9 மீட்டர். இறங்க, எழும்ப நான்கு போக மீதி ஆறு. ஒன்றரைப் பாய்ச்சல்! குதிரைக்கு ஆகவே ஆகாத இடைவெளி. அம்மாவுக்கு இதுவும் சிரிப்பு.

பிள்ளைகள் ஆசைப்பட்டால்

குதிரையேற்றம் காசு செலவாகும் விளையாட்டுதான். மறுக்கவில்லை. பிள்ளை கேட்டால், சேர்க்கும் முன் போய் ஒரு பாடம் பாருங்கள். அளவான தலைக்கவசம் தருகிறார்களா? சமதரையில் நடை, டிராட், கேன்டர் நிதானப்பட்ட பிறகுதான் தடை என்கிறார்களா? ஒரே குதிரையைத் தினமும் தாண்ட வைக்கிறார்களா? முதல் வாரமே தாண்டவைத்துப் படம் எடுத்துத் தருகிற இடம் வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அதே 60 சென்டிமீட்டர் தடைக்கு வந்தோம். வாய்விட்டு எண்ணினேன். மூன்று, இரண்டு, ஒன்று. நான் எதுவும் செய்யவில்லை. குதிரை எழும்பியது, இறங்கியது, நேராகப் போய் நின்றது. இந்த முறை நான் சொல்லித்தான் நின்றது.

அண்ணன் வேலியோரம் வாளியோடு நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கியதும் என் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்தார். “உனக்கில்ல, அதுக்கு” என்றார்.

குதிரை இன்னும் அங்கேதான் இருக்கிறது.