வானிலிருந்து தெரியும் பழைய ஊர்கள்



மண்ணுக்குள் புதைந்த ஊரைச் சில நேரம் பயிரே காட்டிக்கொடுக்கும். அடியில் பழைய சுவர் இருந்தால் வேருக்கு ஈரம் போதாது. அந்தக் கோட்டில் மட்டும் பயிர் குட்டையாகிச் சீக்கிரம் மஞ்சளாகும். தூர்ந்த அகழியின் மேல் செழித்து நிற்கும். வரப்பில் நிற்பவருக்கு இது புலப்படாது. வானிலிருந்து எடுத்த படத்தில் தெளிவாகத் தெரியும்.

கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் ட்ரோன் கொண்டு இடம் பார்த்த பிறகே, 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மண்ணைத் தோண்டியது. சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன.

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தென்னையும் ரப்பரும் மண்ணை மூடியிருக்கின்றனவே, என்ன செய்வது? அதற்கு வானிலிருந்து லேசர் கதிரால் அளக்கும் லைடார் முறை இருக்கிறது. இலை இடுக்குகள் வழியே லேசர் கதிர் தரையைத் தொட்டுத் திரும்பி, மேடு பள்ளத்தைப் பதிவு செய்யும். 2012இல் கம்போடியாவின் அங்கோர் பகுதிக் காடுகளில் பழைய நகரத் தெருக்கள் இப்படித்தான் தெரியவந்தன.

தமிழக, கேரள எல்லையோரமும் வரலாறு நிறைந்த மண்தான். முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866இல் ஆய் மன்னர் கருநந்தடக்கன் கோயில் எழுப்பி, 95 மாணவர்களுக்குக் கல்விச்சாலையும் அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது.

வானப் படம் இடத்தைச் சுட்டும். காலத்தை அகழாய்வே உறுதி செய்யும். ஆகவே கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது தாழியோ எழுத்துள்ள கல்லோ கண்டால், கலைக்காமல் அப்படியே விட்டு, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.