கண்ணாடியில் பறவை காண்பது யாரை?

வேடந்தாங்கலுக்கு அண்மையிலுள்ள அச்சரப்பாக்கத்தில் வாழ்வோருக்குப் பறவைகள் புதியன அல்ல. ஆயினும், வாயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைச் சின்னஞ்சிறு தேன்சிட்டு ஒன்று ஓயாது கொத்துவதைக் கண்டால் எவரும் ஒரு கணம் நின்று நோக்குவர். கூடு கட்டும் பருவத்தில் ஆண் பறவை தன் எல்லைக்குள் மற்றோர் ஆணைப் பொறுத்துக்கொள்வதில்லை. கண்ணாடியில் தோன்றும் தன் உருவையே பகைவனென எண்ணிப் போரிடுகிறது. இரை தேடவேண்டிய பொழுதை இவ்வீண் சண்டையில் கழித்துக் களைத்தும் போகிறது. ஒரு துணியால் கண்ணாடியை மூடிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும். இவ்வுதவியை நம் இல்லத்துச் சிறுவர்களே செய்யலாம்.

அப்படியானால், தன்னைத் தான் அறியும் ஆற்றல் பறவைக்கு அறவே இல்லையா? இக்கேள்விக்கு விடை காண அறிஞர் கையாளும் முறையைச் சற்று விளக்குவோம்.

1970-ஆம் ஆண்டில் கார்டன் காலப் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் சிம்பன்சிக் குரங்குகளைக் கண்ணாடிக்குப் பழக்கினார். பின்னர் அவற்றை மயக்கமுறச் செய்து, புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயமிட்டார். விழித்தெழுந்து கண்ணாடியை நோக்கிய குரங்குகள், கண்ணாடியைத் தொடாமல் தம் முகத்தையே தொட்டுப் பார்த்தன. கண்ணாடியில் தெரிவது தாமே என அவை உணர்ந்தன என்று காலப் முடிவு செய்தார்.

இதே சோதனையைப் பறவைகளிடம் நடத்தியவர்களுள் ஜெர்மானியரான ஹெல்முட் பிரியர் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவர்தம் குழுவினரும் 2008-இல், காக்கை இனத்தைச் சார்ந்த மாக்பை என்னும் பறவைகள் ஐந்தைச் சோதித்தனர். அப்பறவையின் கழுத்து கறுப்பு நிறமுடையது. கண்ணாடியின்றி அது தன் கழுத்தைக் காண இயலாது. அங்கே மஞ்சள் அல்லது சிவப்புப் பொட்டு ஒட்டியபோது, சில பறவைகள் கண்ணாடியில் கண்டு அதனை அகற்ற முயன்றன. ஒட்டியதன் உறுத்தலே காரணமாயிருக்கலாமன்றோ? அதற்காகவே கறுப்புப் பொட்டையும் ஒட்டிப் பார்த்தனர். கறுப்பின்மேல் கறுப்பு கண்ணுக்குப் புலப்படாததால், பறவைகள் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடந்துள்ளது. தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் வீட்டுக் காக்கையையே எடுத்துக்கொண்டு சோதித்தனர். அதற்கும் தன்னை அடையாளம் காணும் ஆற்றல் உண்டென்பதற்குச் சான்று கிடைத்ததாக 2020-இல் அவர்கள் வெளியிட்டனர். நாள்தோறும் நம் கையால் ஒரு பிடி சோறு பெறும் காக்கைக்கு இத்தகைய சிறப்பு! ஆனால் அதே 2020-இல் வேறொரு குழுவினர் மாக்பைச் சோதனையை மீண்டும் நடத்தியபோது, முன்னைய முடிவு கிட்டவில்லை. ஆகவே அறிஞரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.

இந்நிலையில் 2023-இல் வெளியான சேவல் ஆய்வு புதியதொரு வழியைக் காட்டிற்று. வானில் பருந்தைக் கண்டால், அருகில் துணையுள்ள சேவல் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். தனித்திருக்கும் சேவலோ பெரும்பாலும் வாய் திறவாது. குரல் கொடுத்தால் பருந்தின் பார்வை தன்மேல் விழுமன்றோ! ஜெர்மனியில் பான், போகம் நகரங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வியல்பையே சோதனைக் கருவியாக்கினர். கூரையில் பருந்தின் உருவைக் காட்டினர். அருகே வேறொரு சேவல் இருந்தபோது சேவல்கள் அடிக்கடி எச்சரித்தன. தனித்திருந்தபோது குரல் மிகக் குறைந்தது. கண்ணாடி முன் நின்றபோதும் ஏறத்தாழத் தனித்திருந்தது போலவே அடங்கியிருந்தன. கண்ணாடியில் உள்ளது மற்றொரு சேவலன்று என்பதை அவை அறிந்திருக்கக் கூடும். இத்தனைக்கும், இச்சேவல்கள் உடலில் வண்ணப் பொடி பூசிய பழைய சோதனையில் தேறாதவை!

சேவல் மாறவில்லை, கேட்ட கேள்வியே மாறிற்று. உடலில் பட்ட பொடியைப் பற்றிச் சேவலுக்குக் கவலையில்லை. உயிரைக் கவரவரும் பருந்தைப் பற்றியே கவலை. அதன் வாழ்வோடு ஒட்டிய கேள்வியைக் கேட்டபோதுதான் அதற்கேற்ற விடை கிடைத்தது. ஒரு தேர்வில் தேறாத உயிரை அறிவற்றதென்று ஒதுக்கிவிடுவது எளிது. அதற்குப் பொருத்தமான தேர்வு எதுவெனத் தேடுவதே அரிது. பறவைகளை அளக்கும்போது மட்டுமன்றி, மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை அளக்கும்போதும் இதனை நினைவிற்கொள்வது நலம்.